வாப்பா மூடிய முற்றம்

ஈரச் சிமெண்டின் வாசம் மூக்கில் பட்டால் மற்றவர்களுக்கு என்ன நினைவுக்கு வருமோ தெரியாது, எனக்கு வாப்பாவின் லீவுதான் நினைவுக்கு வரும். காரைக்காலில் எந்தத் தெருவில் புதுக் கட்டிடம் எழும்பினாலும், தளம் போட்டு அதன்மேல் வயல் வரப்பு மாதிரி சின்னதாகப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தால், அந்தத் தண்ணீர் ஓரமாகக் கசிந்து சுவரில் வழிகிற வாசத்துக்கு ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் நின்றுவிடுவேன். நல்ல வாசம் என்று சொல்ல மாட்டேன். வாப்பா வீட்டில் இருந்த சந்தோஷமும், அந்தச் சந்தோஷத்துக்கு நடுவே என்னவோ தப்பாகப் போய்க்கொண்டிருந்த குழப்பமும் ஒன்றாகக் கலந்த வாசம் அது. முப்பது வருடமாகியும் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்க எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீடு உம்மாவின் வீடு. அதாவது, பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கல்யாணம் முடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருவார். எத்தனை வருடமானாலும், தலை நரைத்தாலும், அந்த வீட்டில் அவர் மாப்பிள்ளைதான். விருந்தாளிக்குப் போடுகிற மாதிரிதான் அவருக்குத் தட்டு வைப்பார்கள், ஒரு ஆணி அடிப்பதென்றாலும் அவர் இரண்டு தடவை யோசிப்பார். எங்கள் வாப்பாவோ அதிலும் ஒரு படி மேலே, வருடக் கணக்கில் ஷார்ஜாவில் இருந்த "சபராளி". இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வந்து போகிறவர். சொந்த வீட்டில் அவருக்கு விருந்தாளி என்ற பெயர் இரண்டு மடங்காக ஒட்டிக்கொண்டிருந்தது.

வீடு தெருவில் தொடங்கிக் கொல்லைவரை நீளமாக ஓடும். நடுவில் "முத்தம்" என்று நாங்கள் சொல்லுகிற திறந்த முற்றம். நாலு பக்கமும் ஓட்டுச் சரிவு உள்நோக்கி இறங்கும், நாலு மூலைக்கும் நாலு தூண், நடுவில் நாலு கட்டில் அளவுக்கு வானம். அந்த வானத்துக்குக் கீழே ஒரு மாதுளைச் செடி, துணி காயப் போடும் கொடி, உம்மாவின் அம்மி, வத்தல் காய்கிற பாய். பக்கத்து வீட்டுப் பூனை ஓட்டின் வழியாக வந்து அதில்தான் குதிக்கும். அந்தக் காலத்தில் எங்கள் தெருப் பெண்கள் பகலில் வாசலுக்கு வந்து நிற்பது குறைவு. மாடிக்குப் போனால் நாலு வீட்டு ஆண்கள் பார்ப்பார்கள் என்று அதுவும் கிடையாது. வெயில், காற்று, மழை, பிறை எல்லாம் உம்மாவைப் பார்க்க வேண்டுமானால் அந்த முத்தத்து வழியாகத்தான் வர வேண்டும். இதெல்லாம் இன்றைக்கு யோசித்துச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு அது பாண்டி ஆடுகிற இடம், அவ்வளவுதான்.

வாப்பாவுக்கு ஷார்ஜாவில் ஏசி பழுது பார்க்கிற வேலை. ஏசிக்காரனுக்கு வெயில் காலத்தில் லீவு கிடைக்குமா? ஊரே வெந்துகொண்டிருக்கும்போது மொட்டை மாடியில் ஏறி, அடுத்தவன் அறை குளிர்வதற்காக இவர் வெந்துகொண்டிருப்பார். அங்கே சூடு தணிந்த பிறகு, இங்கே ஐப்பசி பிறக்கிற நேரம் பார்த்துத்தான் முதலாளி கையெழுத்துப் போடுவார். வாப்பாவின் கல்யாணமே ஒரு ஐப்பசியில்தான் நடந்தது. அதற்கு முன்னால் அந்த வீட்டுக்குள் அவர் கால் வைத்ததில்லை, வைக்கவும் முடியாது. அதற்குப் பிறகு வந்த லீவெல்லாம் ஐப்பசி, கார்த்திகை. ஆக, தான் குடியிருக்கும் வீட்டை வாப்பா மழையில் மட்டுமே பார்த்திருக்கிறார். பங்குனி மாதத்து அந்த வீட்டை அவர் ஒரு நாளும் கண்டதில்லை. இது எனக்குப் புரியவே பல வருடம் ஆனது, அவருக்கு அதைவிடப் பல வருடம்.

மழையில் அந்த முத்தம் எப்படி இருக்கும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் ஒரே இடத்தில் கொட்டும். சாரல் கூடம்வரை வரும். துணி காயாது, பாசி பிடிக்கும், கொசு மொய்க்கும். உம்மா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, விளக்குமாறால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி அலுத்து, "இந்த முத்தத்தோட மாரடிக்கவே எனக்கு ஆயுசு பத்தாது" என்று புலம்புவாள். வருடத்தில் இரண்டு மாதம் புலம்புவாள். மீதிப் பத்து மாதம் அதே முத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள், ஏனென்றால் நன்றாக இருக்கிற ஒன்றைப் பற்றி யார் உட்கார்ந்து பேசுகிறார்கள்? வாப்பா காதில் விழுந்ததெல்லாம் அந்த இரண்டு மாதத்துப் புலம்பல். எனக்கு எட்டு வயதாக இருந்த லீவில், அவர் கண் முன்னாலேயே உம்மா பாசியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்ட கையோடு உம்மா நின்று அவரை வழியனுப்பியதும், வாப்பா காரில் ஏறப் போனவர் திரும்பி வந்து முத்தத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்த லீவில் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னாலேயே கொத்தனாரைக் கூப்பிட்டனுப்பினார். குரும்பகரத்திலிருந்து வரும் கலியபெருமாள் கொத்தனார் முத்தத்து நடுவில் நின்று, மேலே பார்த்து, தலையைச் சொறிந்தார்.

"அடமழக்காலத்துல தளம் போடச் சொல்றீங்களே மொதலாளி. தை பொறக்கட்டுமே."

"தையில நான் ஷார்ஜால இருப்பேன். என் கண்ணு முன்னால முடியணும்."

"சரிங்க. நடுவுல ஒரு கண்ணாடியாச்சும் வெச்சிருவோமா? உள்ள வெளிச்சம் வேணும்ல?"

"கண்ணாடி வெச்சா ஒழுவும். லைட்டு எதுக்கு இருக்கு?"

கொத்தனார் உம்மா இருந்த பக்கம் பார்த்தார். கதவுக்குப் பின்னால் நின்ற உம்மா உள்ளே போய்விட்டாள். அப்புறம் நான் போய்க் கேட்டபோது, "வாப்பா ஆசப்பட்டு செய்றாங்க, நீ பேசாம இரு" என்றாள். அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. பொய்யில்லை, இருந்தது. தனக்காக ஒரு ஆள் கடல் தாண்டி வந்து மழையையே நிறுத்தப் போகிறான் என்றால் யாருக்குத்தான் பூரிப்பு வராது?

மழைக்கும் மழைக்கும் நடுவில் வெறித்த நாலு நாளில், தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டு, எப்படியோ கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டார்கள். மாதுளையை வெட்டினார்கள். தளத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய வேலையை மழையே பார்த்துக்கொண்டது. முட்டுப் பலகை பிரித்த அன்று வெளியே கொட்டு கொட்டென்று கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. வாப்பா கூடத்தின் நடுவில், மாதுளை நின்ற இடத்தில், மேலே பார்த்தபடி நின்று சிரித்தார். அவ்வளவு பெரிய சிரிப்பை அவர் முகத்தில் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அந்த வீட்டில் அவர் அடித்த முதல் ஆணி அதுதான்.

வாப்பா விமானம் ஏறினார். தை வந்தது, மாசி வந்தது. உம்மாவுக்குத் தலைவலி வந்தது.

முதலில் தலைவலி. அப்புறம் தூக்கமில்லை. அப்புறம் சோற்றைக் கண்டால் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால், பட்டப்பகலில் ட்யூப் லைட் எரிகிற கூடத்தில் உம்மா சுருண்டு படுத்திருப்பாள். "மணி என்னடி?" என்பாள். மூன்றரை என்று சொன்னால், "லுஹர் தொழுதேனா, இல்லியா?" என்று என்னையே கேட்பாள். அதற்கு முன்னால் அவளுக்குக் கடிகாரமே தேவைப்பட்டதில்லை. வெயில் எந்தப் படியில் இருக்கிறது என்று பார்த்து உலை வைப்பாள், எந்தத் தூணில் ஏறியிருக்கிறது என்று பார்த்து அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒலு எடுப்பாள். இப்போது பள்ளிவாசல் பாங்குச் சத்தம் கேட்டால்தான் நேரம் தெரியும். அது கேட்காத அளவுக்கு மின்விசிறி ஓடும். கரண்ட் போய்விட்டால் இருட்டு.

வைத்தியத்துக்குக் குறைச்சல் இல்லை. டாக்டர் ரத்தம் கம்மி என்று மாத்திரை எழுதினார். கண் டாக்டர் கண்ணாடி போட்டுவிட்டார். பக்கத்து வீட்டு மாமி, "வீட்ட இப்புடிக் கட்டுனா ஊரு கண்ணு சும்மா வுடுமா? கண்ணூறுதான்" என்று மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டாள். பள்ளிவாசல் ஹஜ்ரத் தண்ணீர் ஓதிக் கொடுத்தார். திருமலைராயன்பட்டினத்திலிருந்து வந்த சாச்சி, உம்மாவின் தங்கை, "மச்சான் நெனப்புல ஏங்குறா" என்று கண்ணைச் சிமிட்டினாள். இத்தனை பேர் இத்தனை சொன்னால் பத்து வயதுப் பெண் எதை நம்புவாள்? நான் என் பங்குக்கு ஒன்று கண்டுபிடித்தேன். ஜின் ஒன்று வாப்பாவின் பெட்டிக்குள் ஒளிந்துகொண்டு ஷார்ஜாவிலிருந்து வந்திருக்கிறது, தளம் போட்டு மூடியதில் வெளியே போக வழி தெரியாமல் எங்கள் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டது. இதை யாரிடமும் சொல்லவில்லை. அதன்மேல் எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

அந்தக் கோடையில் சாச்சிக்குப் பிரசவம். உம்மாவும் நானும் நாற்பது நாள் அங்கே போய் இருந்தோம். சாச்சி வீட்டில் முத்தம் இருந்தது. மூன்றாம் நாள் உம்மா இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஒரு வாரத்தில் தலைவலித் தைலத்தை எங்கே வைத்தோம் என்று மறந்துபோனாள். பிரசவ வீட்டு வேலை முழுவதையும் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு, சாயங்காலம் சாச்சியோடு உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். திரும்பி வந்த பத்தாம் நாள் மறுபடியும் அதே சுருண்ட படுக்கை. "பாத்தியா, வீட்லதான் ஏதோ இருக்கு" என்று மாமி முடிவாகச் சொல்லிவிட்டாள். நாலு மூலையிலும் ஓதி ஊதினார்கள். வீட்டில் ஏதோ இருக்கிறது என்று எல்லோரும் தேடினார்களே தவிர, இருந்த ஒன்று இல்லாமல் போனதை ஒருவரும் நினைக்கவில்லை. எதிரே நின்று பார்த்த நானும் நினைக்கவில்லை.

மாதம் ஒருமுறை வாப்பாவுக்கு கேசட் பேசி அனுப்புவோம். டேப் ரிக்கார்டருக்கு முன்னால் உட்கார்ந்ததும் உம்மாவின் குரல் மாறிவிடும். "நாங்க எல்லாம் சொகமா இருக்கோங்க. தளம் அல்ஹம்துலில்லாஹ், ஒரு சொட்டு ஒழுவல. அக்கம்பக்கமெல்லாம் வந்து பாத்துட்டுப் போறாங்க" என்பாள், நெற்றியில் தைலத்தோடு. என் முறை வந்தபோது, "வாப்பா, உம்மாவுக்கு…" என்று தொடங்கினேன். உம்மா பட்டனை அமுக்கிவிட்டாள். "வெயில்ல மாடியில நின்னு வேல பாக்குற மனுசன். அவங்களுக்கு எதுக்குடி இதெல்லாம்?"

அதனால் காத்திருந்தேன். அடுத்த லீவில் வாப்பா வந்து, காய்ந்து கிடந்த கூடத்தைப் பார்த்துப் பூரித்துப்போய் உட்கார்ந்த முதல் நாளே சொல்லிவிட்டேன். "வாப்பா, உம்மாவுக்கு இந்த வீட்ல இருந்தா ஒடம்புக்கு ஆவல. சாச்சி வூட்ல நல்லா இருந்துச்சு."

வாப்பா முகம் செத்துப்போயிற்று. உம்மாவைப் பார்த்து, "என்ன ஹபீபா, புள்ள என்னமோ சொல்லுது?" என்றார்.

உம்மா சிரித்தாள். "சாச்சி வூட்டுக்குப் போவணும்னு அதுக்கு ஆச. அதுக்கு இப்புடி ஒரு கத."

"பொய் சொல்லப் பழகுறியா?" என்றார் வாப்பா என்னிடம். அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. அடித்திருந்தால்கூட மறந்திருப்பேன். இரண்டு வருடம் காத்திருந்து பார்த்த வாப்பாவின் முகத்தில் என்மேல் வெறுப்பு வந்ததைத் தாங்க முடியாமல் கொல்லையில் போய் நின்று அழுதேன். உம்மா என்னைத் தேடி வந்து தலையைத் தடவினாள், ஆனால் ஏன் அப்படிச் சொன்னாள் என்று சொல்லவில்லை. எனக்குக் கோபம் அவர்மேலா, அவள்மேலா, என்மேலா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. அவர் மனம் நோகக் கூடாது என்று மறைத்தாளா, அல்லது தனக்கு என்ன என்று அவளுக்கே தெரியாதா? ஒருவேளை டாக்டர் சொன்னதுதான் சரியோ, வெறும் ரத்தக் குறைவுதானோ? உம்மா அந்தத் தளத்துக்குக் கீழே மேலும் இருபது வருடத்துக்கு மேல் இருந்தாள். தலைவலி அவளுடைய குணம் மாதிரி ஆகி, நாங்களும் அதைக் கேட்பதை விட்டுவிட்டோம்.

வாப்பா விசா முடிந்து ஒரேயடியாக ஊருக்கு வந்தபின், முதல் சித்திரை. பகல் ஒரு மணிக்குக் கூடத்தில் பனியனோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தவர், "இந்த வீடு எப்பவும் இப்புடித்தான் வேவுமா?" என்று கேட்டார்.

துணி மடித்துக்கொண்டிருந்த உம்மா, தலையை நிமிர்த்தாமல், "முத்தம் இருந்தப்ப காத்து வரும்" என்றாள்.

குத்திக் காட்டவில்லை. மணி என்ன என்று கேட்டவருக்கு மணி சொன்ன மாதிரிதான் சொன்னாள். வாப்பா விசிறுவதை நிறுத்திவிட்டார். மறுநாள் போய் ஒரு ஏசி வாங்கி வந்து, தன் கையாலேயே சுவரில் துளை போட்டு மாட்டினார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அது ஒன்றுதான். உம்மாவுக்கு அதில் சளி பிடித்தது.

உம்மா மௌத்தாகி, அடக்கம் செய்து மூன்று வருடமாகிறது. வீடு வழக்கப்படி என் பெயருக்கு வந்தது. பழைய மரச் சட்டங்களைக் கரையான் தின்றுவிட்டதால் போன வருடம் புதுச்சேரியிலிருந்து ஒரு கட்டிட வடிவமைப்பாளரை வரவழைத்தோம். சின்னப் பெண், கெட்டிக்காரி. மடிக்கணினியைத் திறந்து படம் படமாகக் காட்டினாள். பயோஃபிலிக் டிசைன் என்று பெயராம். வீட்டுக்குள் வெளிச்சம், காற்று, செடி, வானம் இதையெல்லாம் கொண்டுவந்தால் உள்ளே இருக்கிறவர்களுக்கு நன்றாகத் தூக்கம் வருமாம், தலைபாரம் குறையுமாம், பகலா இரவா என்று உடம்பு தானாகத் தெரிந்துகொள்ளுமாம், மனம் லேசாகுமாம். "இந்த சிலாப வெட்டி எடுத்துட்டா ஒரு கோர்ட்யார்ட் பண்ணிடலாம் மேடம், இப்ப இதுதான் புதுசு" என்று மேலே காட்டினாள். அவள் விரல் விட்டு எண்ணிச் சொன்னது ஒவ்வொன்றும் உம்மா வருடக்கணக்காகச் சொன்ன ஒவ்வொரு நோவுக்கும் பதில். சிரிப்பதா அழுவதா என்று புரியாமல், டீ போடப் போகிறேன் என்று சொல்லி அடுப்படிக்குப் போய் நின்றேன். திரும்பி வந்தபோது வாப்பா அந்தப் பெண்ணிடம், "வெட்டிருங்கம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வெட்டினார்கள். மூன்று நாள் இயந்திரம் அலறியது, வீடெல்லாம் வெள்ளைத் தூசு. அந்த மூன்று நாளும் வாப்பா பள்ளிவாசலிலேயே இருந்துவிட்டார். இப்போது முத்தம் இருக்கிறது, ஒரு புது மாதுளைக் கன்றும் இருக்கிறது. தெருவில்தான் வேறு முத்தம் இல்லை. எங்களைப் பார்த்து மூடியவர்கள் மூடியபடியே இருக்கிறார்கள், பாதி வீடுகள் கடையாகிவிட்டன. மிளகாய் சுற்றிய மாமி இல்லை, சாச்சி இல்லை, பூஞ்சை பிடித்த கேசட்டுகளை நானே தூக்கிப் போட்டேன்.

போன வாரம், பங்குனி வெயில், மாலை மூன்று மணி இருக்கும். வாப்பா பிளாஸ்டிக் நாற்காலியைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்து ஓரத்தில் நின்றிருந்தார்.

"ஏம்மா, பகல்ல வேலையெல்லாம் முடிஞ்ச பெறகு ஒங்க உம்மா இங்க எந்த எடத்துல உக்காந்திருப்பா?"

எனக்கு அது தெரியாது. அந்த நேரத்தில் நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். விடுமுறை நாளில் அவளை உட்காரவிட்டதே இல்லை, ஏதாவது கேட்டு அடுப்படிக்கு விரட்டிக்கொண்டிருப்பேன். தனியாக இருந்த உம்மாவை நானும் பார்த்ததில்லை. கேட்டுச் சொல்ல இப்போது ஒருவரும் இல்லை.

வாப்பா காத்துக்கொண்டிருந்தார். நான் கிழக்குப் பக்கத்துத் தூணைக் காட்டி, "அங்கதான் வாப்பா" என்றேன்.

மேற்கு வெயில் நேராக முகத்தில் அடிக்கிற இடம் அது. சொன்ன பிறகுதான் கவனித்தேன். வாப்பா நாற்காலியை அந்தத் தூணுக்குப் பக்கத்தில் போட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நல்ல எடமாத்தான் பாத்து உக்காந்திருக்கா" என்றார்.